விசையைத் தொடாத விரல்

பிப்ரவரி 18

துப்பாக்கி இன்று எங்கள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு உருளைக்கிழங்குச் சாக்கில் வந்து சேர்ந்தது. உதகமண்டலத்திலிருந்து அதைச் சுமந்து வந்த தலைமைக் காவலர், சாக்கின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரையும் வைத்திருந்தார். முத்திரை கயிற்றின் மேல் படவில்லை. சாக்கின் மேல் பட்டிருந்தது. கயிற்றை அவிழ்த்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் முத்திரை பங்கமின்றி அப்படியே இருக்கும். இதைச் சுட்டிக்காட்டினேன். "சீல் இருக்குதுல்ல சார்?" என்றார். இருக்கிறது. பொட்டை முதுகில் வைத்துக்கொண்டாலும் பொட்டு இருக்கத்தான் செய்யும்.

வழக்கின் விவரம்: சென்ற மாதம் அங்கே ஒரு வங்கிக் கிளையில், காலையில் கதவு திறப்பதற்கு முன், காவலர் ஞானசிகாமணி தம் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாக்களை இட்டு, மூடியிருக்கிறார். வலக்குழல் வெடித்தது. குண்டுகள் கருங்கல் தரையில் பட்டுத் தெறித்து, எதிரே மேசை துடைத்துக்கொண்டிருந்த கடைநிலை ஊழியர் ஜோகியின் இடக்காலைச் சிதைத்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காவலர் முன்னாள் ராணுவத்தினர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகிச் சில மாதங்களுக்கு முன்புதான் மலைக்குப் போயிருக்கிறார். இப்போது பணியிடை நீக்கம். குற்றம் நிரூபணமானால் சிறை, வேலையும் போய்விடும்.

அவருடைய வாக்குமூலம்: "மூடினேன். வெடித்தது. விரல் விசையில் இல்லை."

இந்த வாசகத்தை நான் மனப்பாடமாக அறிவேன். பயிற்சிக் காவலர்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வகுப்பில் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். வெடிப்பு மூன்று விதம். சுட நினைத்துச் சுடுவது ஒன்று. சுட நினைக்காமல், விரல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்ததால் சுடுவது இரண்டாவது. அதன் பெயர் கவனக்குறைவு. விரலே படாமல், உள்ளுறுப்பு உடைந்தோ தேய்ந்தோ தானே வெடிப்பது மூன்றாவது. அதற்கு மட்டுமே தற்செயல் என்ற சொல் பொருந்தும். மூன்றாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர். பார்த்ததாகச் சொல்பவர்கள், கையில் துப்பாக்கி வைத்திருக்கும் அனைவரும்.

செய்தித்தாள் நறுக்கு ஒன்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். "துப்பாக்கி தவறுதலாக வெடித்தது." தவறு செய்யும் தகுதியைத் துப்பாக்கிக்கு வழங்கிவிட்டால் மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பிப்ரவரி 20

சோதனை தொடங்கியது. காலையிலேயே ஆய்வறையில் வியர்த்துக் கொட்டுகிறது. மின்விசிறிக்கு மாற்றுக் கேட்டு நான் எழுதிய குறிப்பின் மேல் நிர்வாகப் பிரிவு வேறொரு குறிப்பு எழுதியிருக்கிறது.

என் ஆய்வக உதவியாளர் மீனலோசனி துப்பாக்கியின் பூட்டுப்பகுதியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"சார், தேங்காய் எண்ணெய்! ஒரு பாட்டிலையே கவுத்திருக்கார் போல. இதுல அவியலே தாளிக்கலாம்."

"வாசனையை எழுதிக்கொள். நகைச்சுவையை எழுதாதே."

"பெட்ரோல் போட்டுத் துடைச்சிடட்டுமா சார்? சுத்தம் பண்ணிட்டுப் பார்த்தா நல்லாத் தெரியும்."

சான்றுப்பொருளை, வந்த நிலையிலிருந்து ஒரு துளிகூட மாற்றலாகாது என்பது முதல் விதி. முதுகலைப் பட்டம் பெற்றவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. துடைக்கக் கூடாது என்றேன். "சரிங்க சார்" என்றாள், பாத்திரம் கழுவ விடாத வீட்டில் மாட்டிக்கொண்டவள்போல.

இந்த வகைத் துப்பாக்கியின் அமைப்பு எளிது. மடக்கித் திறக்கும்போது உள்ளே இருக்கும் சுத்தி பின்னுக்குப் போகிறது. சிறு கொக்கி ஒன்று தன் வில்லின் உந்துதலால் எழுந்து, சுத்தியில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் அமர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. விசையை இழுப்பது என்பது அந்தக் கொக்கியை விலக்குவதுதான். கொக்கி தேய்ந்திருந்தாலோ வில் தளர்ந்திருந்தாலோ, மூடும் அதிர்ச்சியில் சுத்தி நழுவக்கூடும். காவலர் சொல்வது உண்மையாக இருப்பதற்கு இது ஒன்றே வழி.

கொக்கி தேயவில்லை. வில் தளரவில்லை. விசைகளை வில்தராசில் மாட்டி இழுத்தேன். இரண்டும் இருக்க வேண்டிய எடையில் விழுந்தன. மரச்சுத்தியால் நாற்புறமும் தட்டினேன். அறைந்து மூடினேன், மெதுவாக மூடினேன், மீனலோசனியை மூடச் சொன்னேன். ஒரு முறையும் நழுவவில்லை.

ஆகவே, விரல்.

பிப்ரவரி 21

அறிக்கை கையொப்பமாகி அனுப்பப்பட்டது. ஏழாம் பத்தி: "இயந்திரக் கோளாறு ஏதுமில்லை. விசை இழுக்கப்படாமல் இத்துப்பாக்கி வெடித்திருக்க இயலாது." எட்டாம் பத்தியில், விதிக்கப்பட்ட துப்பாக்கி எண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய் இடப்பட்டிருப்பதை, காவலரின் பொதுவான அசட்டைக்குச் சான்றாகக் குறித்தேன்.

வீட்டில் மிக்சி பழுது. பழுது பார்ப்பவர், "தானா நின்னுருக்கு சார்" என்றார். உள்ளே ஒரு தேக்கரண்டி இருந்தது.

ஜனவரி 6

ஏறத்தாழ ஓராண்டு கழித்து அழைப்பாணை. உதகமண்டலத்துக்கு இன்று பிற்பகல் வந்து சேர்ந்தேன்.

ஊர் முழுவதும் குரங்குக் குல்லாய்கள். அவற்றைச் சுற்றிச் சாக்லேட் கடைகள். சமவெளியில் ஒரு நாளும் நடக்காதவர்கள் இங்கே வந்து ஏரியைச் சுற்றி நடப்பதற்குக் கட்டணம் கொடுக்கிறார்கள். அரசு விருந்தினர் விடுதியில் இரண்டு கம்பளிகள் கொடுத்தார்கள். இரண்டிலும் முந்தைய விருந்தினர் இருக்கிறார்.

குளித்தபின் தலைக்கு எண்ணெய் வைப்பது என் வழக்கம். பாட்டிலைக் கவிழ்த்தேன். வெள்ளையாக, மெழுகுபோல் இறுகி, அசையவில்லை. விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன்.

"இங்க எல்லா வீட்லயும் அப்படித்தானுங்க சார். வெந்நீர்ல நிறுத்தி வைங்க, இளகிடும்."

"எப்போது மறுபடி இறுகும்?"

"நீங்க சீப்பு எடுக்கறதுக்குள்ள."

இவர்கள் வாழ்நாள் முழுவதும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் சலித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஜனவரி 7

நீதிமன்றம். கூடத்தில் மூச்சு விட்டால் புகை தெரிகிறது. குற்றவியல் நடுவர் கழுத்துத்துண்டுக்குள் பாதி முகத்தைப் புதைத்திருந்தார்.

முதலில் தாழ்வாரத்தில் கண்ட ஒழுங்கீனத்தைப் பதிவு செய்ய வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட ஞானசிகாமணியும், அவரால் காலை இழந்த ஜோகியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து இந்த ஊர் வர்க்கி பிஸ்கோத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். அரசுத் தரப்பின் முதல் சாட்சி அந்த ஜோகி. அரசு வழக்கறிஞரிடம் முறையிட்டேன், அவர் போய், "என்னய்யா இது, சேர்ந்து உக்காரக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றார்.

"காலை எடுத்தவரு காப்பியாச்சும் வாங்கித் தரணுமில்லீங்களா?" என்றார் ஜோகி. "இல்லைன்னா எனக்கு நட்டமுங்க."

"எடுக்கல்ல ஜோகியண்ணே" என்றார் காவலர், தரையைப் பார்த்தபடி. "நான் வெரலு வைக்கல்ல."

"தெரியும் சிகாமணி. சும்மா வர்க்கியைத் தின்னு."

பாதிக்கப்பட்டவர் கடமையைச் சரியாகச் செய்ய மறுத்தால் நீதி என்னதான் செய்யும்?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கமலவேணி என்ற நடுவயதுப் பெண்மணி. தம் முறை வரும்வரை தாழ்வாரத்தில் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நீங்கதான் நிபுணரா? ஸ்வெட்டர் கொண்டு வரலையா? குளிரைப் பத்தி யாரும் உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பலை போல" என்றார்.

முதல் விசாரணை சீராக நடந்தது. ஏழாம் பத்தியை வாசித்தேன். அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் கண்ணால் காணும்படி செய்துகாட்டக் கேட்டார். சான்றுப்பொருள் அறையிலிருந்து துப்பாக்கி வந்தது. குழல் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. நான் கொண்டுவந்திருந்த போலித் தோட்டாக்களை இட்டு, மூடினேன்.

மூடும்போது உள்ளங்கையில் ஒரு சிறு துடிப்பு. மூடும் ஓசைக்குள் இன்னோர் ஓசை. கூடத்தில் யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை. கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும் அளவு.

வலது விசையில் வில்தராசை மாட்டினேன். முள் எழவில்லை. விசை எதையும் பிடித்திராததுபோல் தளர்ந்து வந்தது. இடது விசையில் மாட்டி, அதன் எடையை உரக்க வாசித்தேன். அதுவும் அதே துப்பாக்கியின் விசைதான்.

"பார்த்தீர்களா யுவர் ஆனர், மூடினால் ஒன்றும் ஆகவில்லை" என்றார் அரசு வழக்கறிஞர்.

கமலவேணி குறுக்கு விசாரணைக்கு அவகாசம் கேட்டார். நாளை மறுநாள்.

வில்தராசு பயணத்தில் பழுதாகியிருக்கலாம். ஊருக்குத் திரும்பியதும் பார்க்க வேண்டும்.

ஜனவரி 8

வில்தராசைக் காலையில் சோதித்தேன். விடுதிச் சமையலறையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டேன். தராசில் பழுதில்லை. சர்க்கரையில்தான் கொஞ்சம் குறைகிறது.

முற்பகலில், அழைக்காமலே வங்கியின் கிளை மேலாளர் உமாசங்கர் வந்தார். கையில் சாக்லேட் பெட்டி. அன்பளிப்புகளை ஏற்பதில்லை என்றேன். தம் மடியில் வைத்துக்கொண்டு தாமே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நேத்து பிரமாதம் சார். பாயிண்ட் பாயிண்டா அடிச்சீங்க. அந்த ஆளு வெரல் வைக்கலை, வெரல் வைக்கலைன்னு ஒரே பாட்டு. இனிமே வாயைத் தொறக்க முடியுமா?"

தோட்டா இடும்போது குழலைத் திருப்பி வைப்பதற்கு மணல் பெட்டி ஒன்று இருக்க வேண்டுமே, சம்பவப் படங்களில் காணவில்லையே என்று கேட்டேன்.

"இருந்துது சார். கஸ்டமர்ஸ் வெத்தலை துப்பறாங்கன்னு எடுத்துட்டுக் குரோட்டன்ஸ் வெச்சேன். இப்ப பிராஞ்ச் எவ்ளோ லட்சணமா இருக்கு தெரியுமா?"

"எண்ணெய்?"

"அதை ஏன் கேக்கறீங்க! வந்த நாள்லேர்ந்து துப்பாக்கி எண்ணெய், துப்பாக்கி எண்ணெய்னு நச்சரிப்பு. அதை எந்தக் கணக்குல சார் வாங்கறது? நான் சொன்னேன், யோவ், உங்க ஊர்ல இல்லாத எண்ணெயான்னு. தமாஷுக்குத்தான். அடுத்த தடவை லீவுல போயி ஊர்லேர்ந்து பாட்டில் நிறையக் கொண்டு வந்துட்டான். தினம் காலையில வெந்நீர்ல வெச்சு எளக்கி ஊத்துவான். ஒழுங்கான ஆளுதான், அதைச் சொல்லணும்."

அவர் சிரித்தார். சாக்லேட் பல்லில் ஒட்டியிருந்தது. "உங்களை மாதிரி ஒருத்தர் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீலே கிடையாது சார்" என்று கைகொடுத்தார். கைகழுவினேன். வெந்நீர் வரவில்லை.

அதன்பின் குளியலறை மாடத்திலிருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர முற்பகலில் குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.

பிற்பகல்: என் பெட்டியின் பூட்டில் வில் வைத்த நாக்கு ஒன்று உண்டு, அழுத்திவிட்டால் டக்கென்று எழும். எண்ணெயை வெந்நீரில் இளக்கி அதற்குள் விட்டேன். நாக்கு எப்போதும்போல் எழுந்தது. பெட்டியைத் தாழ்வாரத்தில் குளிரில் வைத்தேன். தேநீர் வந்து ஆறியபின் மீண்டும் அழுத்தினேன். நாக்கு, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குமாஸ்தாவைப்போல் பாதி எழுந்து அங்கேயே நின்றது.

கொக்கியைச் சுற்றி எண்ணெய் உறைந்தால், வில் அதைப் பள்ளத்துக்குள் முழுதாகத் தள்ளாது. கொக்கி விளிம்பில் நிற்கும். மூடும் அதிர்ச்சியே போதும், விரல் தேவையில்லை. சமவெளியில், வியர்த்துக் கொட்டும் அறையில் சோதித்தால் எண்ணெய் நீராக இருக்கும். கொக்கி அழகாக அமரும்.

சோதனையறையின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும் என்று அறிக்கைப் படிவத்தில் எங்கும் கேட்கப்படவில்லை.

ஒரு சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இதுவும் விதிதான். நாளை கமலவேணி கேட்க வேண்டும். கேட்டால் சொல்வேன். கேட்கத் தெரியாதவர்களுக்காகக் கேள்வியையும் நானே கொண்டுபோக முடியாது.

ஜனவரி 9

குறுக்கு விசாரணை. கமலவேணி எழுந்தார்.

"இந்தத் துப்பாக்கிக்கு வயசு என்ன இருக்கும்?"

"சுமார் ஐம்பது."

"உங்க வயசு?"

"ஐம்பது."

"ஐம்பது வயசுல எதுவும் கொஞ்சம் தளராதுங்களா?"

கூடத்தில் சிரிப்பு. நடுவரின் கழுத்துத்துண்டும் அசைந்தது. தளரவில்லை என்றேன், வில்லின் அளவைச் சொன்னேன். அடுத்து உற்பத்தியாளர் யார், உரிமம் எப்போது புதுப்பிக்கப்பட்டது, சாக்கின் முத்திரை ஏன் கயிற்றில் இல்லை என்றெல்லாம் கேட்டார். முத்திரையை அவர் கவனித்தது ஒன்றுதான் இந்த வழக்கில் யாரும் செய்த உருப்படியான காரியம், அதுவும் பயனற்றது. எட்டாம் பத்தியின் தேங்காய் எண்ணெய்க்கு வந்தார். என் முதுகு தானே நிமிர்ந்தது.

"எண்ணெய் போடறது பராமரிப்புதானே? அசட்டைன்னா போடாமல்ல விட்டிருப்பாரு?"

"தவறான எண்ணெய்."

"எண்ணெய் போட்டா வழுக்கும். இறுகாது. சரிதானே?"

கேள்வி இவ்வளவு அருகில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போகிறது. தலையில் தினமும் எண்ணெய் தேய்க்கும் பெண்மணி. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். காலையில் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் நீதிமன்றத்துக்கு வந்திருப்பார். "இறுகாது, சரிதானே?" என்று என்னிடம் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கையை அசைத்து, "சரி, விடுங்க. வேற கேள்வி இல்லை யுவர் ஆனர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் இறங்கலாம்" என்றார் நடுவர்.

அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பின் வரிசையிலிருந்து உமாசங்கர் ஓசையின்றிக் கைதட்டுவதுபோல் காட்டினார். காவலர் கூண்டில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தம்மைப் பற்றித் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை யாரும் நம்பாமல் ஓராண்டைக் கழித்தவரின் முகம் அது. நான் பார்த்தது அந்த முகத்தை அல்ல, கைதட்டுபவரைத்தான். இவர்களுக்குச் சரியாக இருப்பதற்காகவா நான் இத்தனை காலம் சரியாக இருந்தேன்?

இறங்கவில்லை.

"சான்றுப்பொருளை மீண்டும் கையாள அனுமதி வேண்டும்" என்றேன்.

"எதற்கு?"

"நேற்று முன்தினம் காட்டியது முழுமையானதல்ல."

"சார், முடிஞ்சுடுச்சு சார், இறங்குங்க" என்று அரசு வழக்கறிஞர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

அனுமதி கிடைத்தது. காலையில் வெற்றுத் தோட்டாக் கூடுகள் இரண்டின் அடித்துளையை விடுதிச் சோப்பால் அடைத்துக் கொண்டுவந்திருந்தேன். எதற்காகக் கொண்டுவந்தேன் என்று இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை. சுத்தி விழுந்தால் ஊசி சோப்பில் குழி போடும். குழியைப் பார்க்க இயற்பியல் பட்டம் தேவையில்லை. கூடுகளை இட்டேன். இரு கைகளையும் விசையிலிருந்து விலக்கி, எல்லோரும் காணப் பிடித்துக்கொண்டு, மூடினேன். திறந்து பார்த்தேன். சோப்பு வழவழப்பாக இருந்தது. மறுபடி மூடினேன். ஒன்றுமில்லை. உமாசங்கர் சிரித்தார். மூன்றாம் முறை மூடினேன், உள்ளங்கை துடித்தது. கூட்டை எடுத்து நடுவரின் மேசையில் வைத்தேன். சோப்பின் நடுவே ஊசிக்குழி.

நடுவர் அதை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய், குளிர், கொக்கி மூன்றையும் விளக்கினேன். கமலவேணியின் மடியிலிருந்து நூலுருண்டை கீழே விழுந்து உருண்டது, அவர் எடுக்கவில்லை.

"அப்படியென்றால் உங்கள் அறிக்கை?"

"ஏழாம் பத்தி தவறு."

"ஆக, இது தற்செயல்?"

"இல்லை. கவனக்குறைவுதான். விசையருகே இருந்த கையினுடையது அல்ல."

"யாருடையது?"

"உரிய எண்ணெயைக் கேட்டபோது கொடுக்காமல், மணல் பெட்டியையும் எடுத்தவருடையது. பிறகு, குளிரில் வெடித்ததை வெயிலில் சோதித்தவருடையது."

"அது யார்?"

"அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையொப்பம் இருக்கிறது."

நடுவர் தலையைக் குனிந்து எழுதினார். தீர்ப்பு திங்கட்கிழமை.

இரண்டு செய்திகள் பதிவுக்காக. நேற்று முன்தினம் வலது விசை தளர்ந்து வந்ததை அத்தனை பேர் முன்னிலையில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இன்று அதைப் பற்றி ஒருவரும் கேட்கவுமில்லை.

ஜனவரி 10

ஆய்வக இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். "பரஞ்சோதி, சப்ளிமென்டரி ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கே, அதை எழுதிட்டு நாசூக்கா முடிச்சிருக்கலாமே? கோர்ட்ல நின்னு சோப்புக் காட்டணுமா?" விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருமாம். வரட்டும். அதில் எழுத்துப் பிழைகள் இருக்கும்.

பொங்கல் கூட்டத்தால் பேருந்தில் இடமில்லை. திங்கட்கிழமை வரை தங்க நேரிடுகிறது.

ஜனவரி 11

ஏரியைச் சுற்றி நடந்தேன். கட்டணம் அநியாயம். பேருந்து நிலையம் வழியில்தான் இருக்கிறது, உள்ளே போகவில்லை.

ஜனவரி 12

தீர்ப்பு. ஞானசிகாமணி விடுதலை. துப்பாக்கிப் பராமரிப்புக்கு உரிய பொருள்களை வழங்காததற்காக வங்கி நிர்வாகத்தை நடுவர் கண்டித்தார், உமாசங்கர் வரவில்லை. அரசு வழக்கறிஞர் என்னைத் தெரியாதவர்போல் கடந்துபோனார். கமலவேணி, பின்னி முடித்த சட்டையை மடித்தபடி, "இறுகாதுன்னு நானே சொன்னேன் பாருங்க, என் வாயில் எண்ணெயை ஊத்த" என்று சிரித்தார். அதற்குள் இளகிவிட்டிருக்கும் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நீதிமன்றப் படிகளின் மேலே காவலர் வந்து என் எதிரில் நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதற்குரிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: நன்றிக்கு இடமில்லை, நான் பார்த்ததைச் சொன்னேன்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளுங்கள்."

"ஒரு வருசமா எல்லாவனும் வெரலு வச்சியா, வெரலு வச்சியான்னு கேட்டானுவ. போலீசு கேட்டாவ, பேங்குல கேட்டாவ, எனக்க பொண்டாட்டியும் ஒருக்கா கேட்டா. நான் வைக்கல்லன்னு எனக்குத் தெரியும். அந்த ஒண்ண வச்சுத்தான் சாரே நான் சோறு தின்னேன், ஒறங்குனேன்."

"தெரியும். அது நிரூபணமாகிவிட்டது."

"இல்ல சாரே, நீங்க சொன்னியள்ல, அந்த எண்ணெய்." நிறுத்தினார். அவருடைய வலக்கை, கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடித்துச் சாய்த்து ஊற்றுவதுபோல் அசைந்தது. "அத நான்தான சாரே விட்டேன். துப்பாக்கி நல்லா இருக்கணும்னு, தெனமும் வெந்நீருல வச்சு இளக்கி, எனக்க கையாலதான் விட்டேன். அப்பம் ஜோகியண்ணனுக்க காலு எனக்க கையாலதான போச்சு?"

இதற்கு என்னிடம் பதில் உண்டு. கவனக்குறைவு என்பதற்கு, தீங்கு நேரக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்திருக்க வேண்டும். இவர் இரண்டிலும் இல்லை. அறிந்திருக்க வேண்டியவர்கள் வேறு இருவர்; ஒருவர் சாக்லேட் தின்றார், மற்றவர் கையொப்பமிட்டார். வகுப்பில் இதை ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன், ஏறக்குறைய அதே சொற்களில். சட்டப்படி அவருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். ராணுவத்தில் அப்படிக் கேட்கப் பழக்குவார்கள் போலும். "செரி சாரே" என்றார். "சட்டத்துக்கு அது போதும்."

கீழ்ப்படியிலிருந்து ஜோகி, ஊன்றுகோலால் கைப்பிடிச் சுவரைத் தட்டினார். "சிகாமணி! வெளிய வந்தாச்சில்ல, அப்பறம் என்ன அங்க? ஒத்தக் கால்ல எவ்வளவு நேரம்யா நிக்கறது? கையைக் குடு."

காவலர் போகவில்லை. தம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் கொடுக்கலாமா என்று கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

கேட்பதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா அவருக்கு?